பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகங்களைப் பற்றியும், அவற்றோடு ஒட்டி இருக்கும் வம்சாவளி நூலகங்களைப் பற்றியும் எழுதியிருந்தேன். பழைய பதிவேடுகள், வரைபடங்கள், செய்தித்தாள்களைப் படமெடுத்த சுருள்கள், யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன குடும்பக் குறிப்புகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும் இடங்கள் அவை. வந்த கடிதங்களில் பெரும்பாலும் "எங்கிருந்து தொடங்குவது?" என்பதுதான் கேள்வி. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் அப்பா பெயர் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இந்த மாதிரி நூலகத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னால் எங்கள் வம்சாவளியை எடுத்துக் கொடுப்பார்களா?

பதில்: மாட்டார்கள். அப்படித் தயாராக எடுத்துக் கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது, அபூர்வமாக யாராவது உங்கள் உறவுக்காரர் ஏற்கெனவே தேடி எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. இருப்பதெல்லாம் துண்டு துண்டான பதிவுகள்தான், அவற்றையும் ஆள் பெயரை வைத்து அடுக்கியிருக்க மாட்டார்கள். நிலக்கணக்கு ஊர்வாரியாக இருக்கும், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகவாரியாக, வருஷவாரியாக இருக்கும், செய்தித்தாள் தேதிவாரியாக இருக்கும். அதனால் நீங்கள் பெயரைச் சொன்னதும் நூலகர் திருப்பிக் கேட்கிற கேள்வி "எந்த ஊர், எந்தக் காலம்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இல்லாமல் போனால் அரை நாள் வீண்.

ஆக, முதல் வேலை வீட்டில்தான். உங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் உட்காருங்கள். ஆனால் கேள்வித்தாளோடு போகாதீர்கள். "உங்க அப்பா எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்றுதான் வரும். அதே ஆளிடம் ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து "இதில் ஓரமாக நிற்கிறாரே, இவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார், அந்தப் பேச்சில் நீங்கள் கேட்காத நாலு ஊர்ப் பெயரும், ஒரு வெள்ளமும், ஒரு கோர்ட் கேசும் வந்து விழும். வருஷம் அவருக்கு நினைவிருக்காது, ஆனால் "அந்த வெள்ளம் வந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு" என்பார், அது போதும், வெள்ளத்தின் வருஷத்தை நூலகத்தில் கண்டுபிடித்துவிடலாம். போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் சம்மதத்தோடு. படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதுவே ஓர் ஊரையும் ஏறக்குறைய ஒரு காலத்தையும் சொல்லிவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பதிவேடு இன்னும் பத்து வருஷம் கழித்தும் அலமாரியில் இருக்கும், பாட்டி இருக்க மாட்டார். நான் என் பாட்டியிடம் கேட்காமல் விட்டவை இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கின்றன.

அப்புறம், ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். "எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்பது கேள்வி இல்லை. "என் பூட்டனார் இந்த ஊரை விட்டு எந்த வருஷம் போனார்?" என்பது கேள்வி. போவதற்கு முன் போன் செய்து, என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பல இடங்களில் பழைய ஏடுகளை வேறு கிடங்கில் வைத்திருப்பார்கள், முன்கூட்டிச் சொன்னால்தான் எடுத்துவைப்பார்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள், பழைய தாளில் மை பட்டால் போகாது. உங்களிடம் இருக்கும் பத்திரங்களின் நகல் மட்டும் போதும், மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். கைப்பேசியில் படமெடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள்.

பக்கத்தைப் படமெடுப்பதற்கு முன் ஏட்டின் அட்டையையும் அதன் எண்ணையும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் வீட்டுக்கு வந்து நூறு படங்களை வைத்துக்கொண்டு எது எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். எந்த ஏட்டில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் ரெண்டு வருஷம் கழித்து அதே ஏட்டை மறுபடியும் புரட்டுவீர்கள்.

கேள்வி: நூலகமும் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எனக்கு வேண்டியது குடும்பத் தகவல்தான். கலப்பையையும் பழைய தையல் மெஷினையும் பார்த்து என்ன ஆகப்போகிறது?

பதில்: முதலில் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், பிறகு நூலகத்துக்குப் போங்கள். நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் பதிவைத் தேடி முழுசாக ரெண்டு நாள் உட்கார்ந்தேன், மாவட்டத்தின் பிறப்புப் பதிவேடுகளை முப்பது வருஷத்துக்குப் புரட்டினேன், அந்தக் குடும்பம் அந்த ஊரில் வாழ்ந்ததற்கு ஒரு வரி சாட்சி இல்லை. மூன்றாம் நாள் கண் வலிக்கிறதே என்று எழுந்து அருங்காட்சியகப் பக்கம் நடந்தேன், சுவரில் ஒரு பழைய வரைபடம் மாட்டியிருந்தது, அதில் அந்த ஊர் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் அது பக்கத்து மாவட்டம்! ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்திருக்கிறது. பதிவேடு கோட்டோடு போகும். பக்கத்து மாவட்ட ஏடுகளைக் கேட்டு வாங்கியதும் ஒரு மணி நேரத்தில் மூன்று பிள்ளைகளின் பிறப்பும் கிடைத்தது.

வரைபடம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெயரும் தேதியும் கிடைத்த பிறகு அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று உங்களுக்குச் சொல்வது அந்தக் கலப்பைதான். தொழில் என்ற கட்டத்தில் "நெசவு" என்று ஒரு சொல் இருக்கும், அது அருங்காட்சியகத்தில் ஒரு தறியாக, அதில் குனிந்து உட்காரும் குழியாக, தேய்ந்துபோன மரக்கட்டையாக இருக்கும். பள்ளிக்கூடக் குழுப்படங்கள், தொழிற்சாலை ஆட்களின் படங்கள், சங்கக் கூட்டப் படங்கள் இருந்தால் நின்று பாருங்கள், அவற்றில் பலவற்றுக்கு இன்னும் பெயர் எழுதப்பட்டிருக்காது.

அமெரிக்காவில் தேடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. சான்பார்ன் என்ற நிறுவனம் 1867 முதல் தீக்காப்பீட்டுக்காக நகரங்களை வீடு வீடாக வரைந்து வைத்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். முகவரி தெரிந்தால் உங்கள் முன்னோர் மர வீட்டில் இருந்தாரா, பக்கத்தில் என்ன கடை இருந்தது என்பது வரை தெரிந்துவிடும். வரைந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை, தீப்பிடிக்குமா என்பதுதான் கவலை, ஆனாலும் நமக்கு அது பொக்கிஷம்.

கேள்வி: ஒரு நாள் போதுமா?

பதில்: ஒரு கேள்விக்குப் போதும். குடும்பத்துக்குப் போதாது.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. எது சரி?

பதில்: மூன்றும் சரியாக இருக்கலாம். எழுதியவர் உங்கள் கொள்ளுத்தாத்தா இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர். அவர் காதில் விழுந்ததை எழுதினார். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் படும் பாடு உங்களுக்கே தெரியும், ஒரு ஏட்டில் லகரமாக இருக்கும், இன்னொன்றில் ரகரமாக இருக்கும். "தங்கவேலு" என்பதன் முதல் எழுத்தையே நாலு விதமாகக் கேட்டு எழுதலாம்.

இது எல்லா நாட்டுக்காரர்களுக்கும் உள்ள தொல்லைதான். இதற்காகவே ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் அமெரிக்காவில் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சவுண்டெக்ஸ் என்று பெயர். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யொலிகளை இனம் இனமாகச் சேர்த்து மூன்று எண்களாக மாற்றுவது. ராபர்ட், ரூபர்ட் ரெண்டுக்கும் ஆர் 163 என்ற ஒரே குறி வரும், அதனால் எழுத்து மாறினாலும் ஒரே இடத்தில் மாட்டும். நம் பெயர்களுக்கு இது அரைகுறையாகத்தான் உதவும், ஏனென்றால் முதல் எழுத்தே மாறிவிட்டால் குறியும் மாறிவிடும். அதனால் கையாலேயே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பெயரைத் தப்பாக எழுத எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும்.

இன்னொன்று. அப்பாவின் பெயரையே முன்னெழுத்தாக வைத்துக்கொள்கிற நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று தலைமுறை தாண்டி வராது. ஐஸ்லாந்துக்காரர்களும் இப்படித்தான், அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள், அவர்களும் வம்சாவளி எழுதத்தான் செய்கிறார்கள். ஆகவே பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக ஓர் ஆளை உங்கள் பூட்டனார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஊர், அதே தெரு, அதே மனைவி பெயர், பத்திரத்தில் அதே சாட்சிக்காரர்கள், இவற்றில் குறைந்தது ரெண்டு ஒத்துவர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் குறித்துவையுங்கள். பெயர் மாறினாலும் அக்கம்பக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பதிவுகள் தீ விபத்தில் போய்விட்டன என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். இத்தோடு விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், விட்டுவிடாதீர்கள். இந்த வார்த்தையைக் கேட்டு மனம் ஒடிந்து திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தீ பொய்யில்லை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயிலும் அதை அணைக்க ஊற்றிய தண்ணீரிலும் பாழானது, மிஞ்சியதையும் பிற்பாடு அரசே அழித்துவிட்டது. 6 கோடிக்கும் மேற்பட்டவர்களை எண்ணிய கணக்கில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 6 ஆயிரம் பேரின் விவரம். அயர்லாந்தில் அதைவிடப் பெரிய இழப்பு. உள்நாட்டுப் போரில் 1922 ஜூன் 30-ஆம் தேதி டப்ளினில் பொது ஆவணக் காப்பகமே வெடித்து எரிந்தது, பல நூற்றாண்டுகளின் ஏடுகள் சாம்பலாயின.

ஆனால் அதே அயர்லாந்தில் சரியாக நூறு வருஷம் கழித்து, 2022-இல், எரிந்த காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்டி எழுப்பித் திறந்தார்கள். எப்படி? எரிந்த ஏடுகளிலிருந்து யாராவது எப்போதாவது எடுத்துவைத்த நகல்கள், வேறு ஊர்களின் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்ட பிரதிகள், ஆராய்ச்சியாளர்களின் கைக்குறிப்புகள் என்று தேடித் தேடிச் சேர்த்தார்கள். நீங்களும் அதே வழியைத்தான் சின்ன அளவில் செய்ய வேண்டும். ஒரு கல்யாணம் ஒரே ஏட்டில் மட்டும் பதிவாவதில்லை, ஒரு சாவும் அப்படித்தான். பிறப்புப் பதிவு எரிந்திருந்தால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் வயது இருக்கும். இறப்புப் பதிவு இல்லாவிட்டால் நிலம் பிள்ளைகள் பெயருக்கு மாறிய வருஷம் வரிக்கணக்கில் இருக்கும். வழிபாட்டு இடத்தின் நன்கொடைப் பட்டியல், வேலை செய்த இடத்தின் சம்பளப் புத்தகம், கல்லறைக் கல், செய்தித்தாளில் வந்த ஏல அறிவிப்பு, கோர்ட் வழக்கு எல்லாம் உண்டு. நூலகரிடம் "பதிவு இருக்கிறதா?" என்று கேட்பதை விட்டு, "இந்த ஊரில் அந்த வருஷம் ஆட்களின் பெயரை யார் யார் எதற்காகவெல்லாம் எழுதிவைத்தார்கள்?" என்று கேளுங்கள். நல்ல நூலகர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்த என் பெரியப்பாவைப் பற்றிக் குடிக்கணக்கில் பார்க்க நினைத்தேன். சமீப வருஷங்களைக் காட்ட மறுக்கிறார்கள். ஏன்?

பதில்: உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான், அது நியாயமும்கூட. அமெரிக்காவில் 72 வருஷம் மூடிவைப்பார்கள், 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தது. இங்கிலாந்தில் 100 வருஷம், அங்கே 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வந்தது. அங்கே தேடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1931-ஆம் ஆண்டுக் கணக்கு 1942-இல் தீயில் போய்விட்டது, 1941-இல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. ஆக அடுத்தது 1951-தான், அதற்கு இன்னும் காத்திருக்க வேண்டும். இடையில் கைகொடுப்பது 1939 செப்டம்பரில் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு.

கேள்வி: எங்கள் முன்னோர் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிப் போனவர்கள். எந்த ஊரிலிருந்து போனார்கள் என்பதே குடும்பத்தில் மறந்துவிட்டது. கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். சொல்லப்போனால் ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய அண்ணன் தம்பிகளைவிட இவர்களைப் பற்றித்தான் விவரமாக எழுதிவைத்திருக்கிறார்கள், காரணம் கசப்பானது, இவர்களை எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16-இல் சேர்ந்தது, 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு மச்சம் வரை கட்டம் கட்டமாக உண்டு. மொரிஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை போன அறுபதாயிரம் பேருக்கும் குடிபெயர்வுச் சீட்டு உண்டு.

தேட வேண்டியது அந்த எண்ணை. பெயர் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும், எண் ஒருவருக்குத்தான். குழந்தைகளின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, பழைய பத்திரம் எதிலாவது அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெயர் சிதைந்திருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம், தாலுகாவை முதலில் பிடித்துக்கொண்டு அந்தத் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலைச் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்கு ஒத்து வரும் ஊர் ஒன்றோ ரெண்டோதான் இருக்கும். வயதை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கண்மதிப்பு. சாதிக் கட்டத்தில் இருப்பதும் எழுத்தரிடம் சொல்லப்பட்டது மட்டுமே.

கேள்வி: எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே?

பதில்: நிறைய வந்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் 1894-இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கம் 1938 முதல் உலகம் முழுக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் என்ற சின்னப் படச்சுருளில் எடுத்தது, அந்த 24 லட்சம் சுருள்களை 2021-இல் கணினிக்கு மாற்றி முடித்தார்கள். இன்று ஃபேமிலிசர்ச் என்ற பெயரில் இலவசமாகவே தேடலாம். ஆனால் அதிலேயே சில படங்கள் அவர்களோடு இணைந்த நூலகத்துக்கு நேரில் போனால்தான் திறக்கும். அப்புறம், உள்ளூர் நூலகத்தின் இரும்பு அலமாரியில் குடும்பம் குடும்பமாகச் செய்தி நறுக்குகளும் கடிதங்களும் போட்டு வைத்த உறைகள் இருக்குமே, அவற்றை யாரும் ஸ்கேன் செய்திருக்க மாட்டார்கள். அந்த உறைகளுக்காகவே நான் போவேன்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் கடிதங்களையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் பெட்டியோடு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சேகரிக்கும் ஊருக்கும் காலத்துக்கும் பொருந்துவதைத்தான் வாங்குவார்கள். கொடையை எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள், உரிமை யாருக்கு, யார் பார்க்கலாம், வேண்டாம் என்று பிற்காலத்தில் முடிவு செய்தால் உங்களுக்குத் திருப்பித் தருவார்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கொடுக்கும் முன் நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். பழைய தாளைத் தொடக் கழுவித் துடைத்த கை போதும், கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை நல்லது, விரல் ரேகை பதியாது. படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார் யார் என்று எழுதிவிட்டுக் கொடுங்கள். பெயர் தெரியாத படம் உங்களுக்கும் உதவாது, அவர்களுக்கும் உதவாது.

கேள்வி: தேடப் போன இடத்தில் ஒரு பழைய செய்தித்தாளில் என் தாத்தா சிறைக்குப் போன செய்தி கிடைத்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் சொல்லலாமா?

பதில்: இந்தக் கடிதத்தை ரெண்டு மூன்று முறை படித்தேன். உடனே சொல்லாதீர்கள், மறைத்தும் விடாதீர்கள். ஒரு செய்தித்தாள் வரி முழுக் கதை இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு வந்த இதழ்களைப் பாருங்கள், மேல்முறையீட்டில் விடுதலை ஆகியிருக்கலாம். வழக்கு விவரத்தைக் கேளுங்கள், கடன் பாக்கிக்காகவோ ஒரு போராட்டத்துக்காகவோ உள்ளே போயிருக்கலாம், அல்லது உண்மையாகவே தப்புச் செய்திருக்கலாம். அதே பெயருள்ள வேறு ஆளாகவும் இருக்கலாம், அப்பா பெயரும் தெருவும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

உறுதியான பிறகு அம்மாவிடம் நேரடியாகச் செய்தியை நீட்டாமல், "அந்த ரெண்டு வருஷம் தாத்தா எங்கேம்மா இருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்களும், பெரியவர்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகளும் ஒரே விஷயத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அவர் பேச்சை மாற்றினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நகலை மட்டும், தேதியும் பக்க எண்ணும் எழுதி, உங்கள் கோப்பில் பத்திரமாக வையுங்கள். அவர் கேட்கிற நாள் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.